குருவியைச் சுட்ட சிறுவன் பறவைகளின் காவலன் ஆனது எப்படி? சலீம் அலியின் கதை

குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல், தாம்பரம் பக்கம் ஒரு ராத்திரி முழுக்கக் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்தால், மறுநாள் காலையில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் பறவைக் குஞ்சு ஒன்று கிடக்கும். கூடு கலைந்து விழுந்த மைனாக் குஞ்சாக இருக்கலாம். பொந்து மரத்தை வெட்டியதால் தரைக்கு வந்த கிளிக்குஞ்சாக இருக்கலாம். காக்கா கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சாகவும் இருக்கலாம்.

பார்த்ததும் மனசு கேட்காது. தூக்கி வந்து அட்டைப்பெட்டியில் வைப்போம். கொஞ்சம் பால், கொஞ்சம் சோறு ஊட்டிப் பார்ப்போம். ரெண்டு நாளில் குஞ்சு செத்துப்போகும். பிழைத்துவிட்டால் அது கூண்டுக்குள் போகும். இரண்டுமே அந்தப் பறவைக்கு விடுதலை இல்லை.

அப்போ விழுந்த பறவையை உண்மையிலேயே காப்பாற்றுவது என்றால் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, இந்தியாவின் பறவை மனிதர் என்று அழைக்கப்பட்ட சலீம் அலியின் வாழ்க்கையைப் பார்ப்பது உதவும். அவர் பறவை மருத்துவர் இல்லை. குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுபவரும் இல்லை. சொல்லப்போனால், அவர் கதை தொடங்குவதே ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தியதில்தான்.

பெற்றோரை இழந்த கடைக்குட்டி

1896-ம் ஆண்டு நவம்பர் 12-ம் தேதி பம்பாயில் பிறந்தவர் சலீம் மொய்சுதீன் அப்துல் அலி. பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தை போய்விட்டார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார்.

தாயும் தந்தையும் இல்லாத அந்தப் பிள்ளைகளைத் தாய்மாமா அமிருதீன் தையப்ஜியும், குழந்தை இல்லாத அவர் மனைவி ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள். பம்பாயின் கேத்வாடி பகுதியில் இருந்த அந்த வீடு எப்போதும் பிள்ளைகளால் நிறைந்திருந்தது.

மாமா அமிருதீன் வேட்டைப் பிரியர். அந்தக் காலத்து வசதியான குடும்பங்களில் வேட்டை ஒரு பொழுதுபோக்கு. பையனுக்கு மாமா வாங்கிக் கொடுத்த பரிசும் அப்படித்தான் இருந்தது. அது ஒரு ஏர்கன். சிறுவனின் கனவும் பெரிய வேட்டைக்காரன் ஆக வேண்டும் என்பதுதான்.

ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள்

சுமார் பத்து வயதில் சலீம் ஒரு காரியம் செய்தார். வீட்டுக் குதிரை லாயத்தின் சுவர் ஓட்டையில் சிட்டுக்குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. பெண் குருவி உள்ளே முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆண் குருவி வெளியே காவல் இருக்கும். நிறுத்தி வைத்திருந்த வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, சலீம் அந்த ஆண் குருவியைச் சுட்டார்.

கொஞ்ச நேரத்திலேயே இன்னொரு ஆண் குருவி வந்து அதே இடத்தில் காவல் உட்கார்ந்தது. அதையும் சுட்டார். அடுத்தது வந்தது. ஏழு நாளில் இப்படி எட்டு ஆண் குருவிகள்.

கேட்கவே கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனா அந்தச் சிறுவன் இன்னொன்றையும் செய்தான். நடந்ததை அப்படியே குறித்து வைத்தான். எத்தனை நாள், எத்தனை குருவி, ஒவ்வொரு முறையும் பெண் குருவிக்குப் புதுத் துணை கிடைத்தது எல்லாமே அந்தக் குறிப்பில் இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் குறிப்பு பறவை ஆர்வலர்களுக்கான இதழில் அச்சானது. துப்பாக்கி பிடித்த கைக்குள் ஒரு ஆய்வாளன் இருந்தான் என்பதற்கு அதுதான் முதல் தடயம்.

மஞ்சள் தொண்டைக் குருவி

திருப்புமுனை 1908 வாக்கில் வந்தது. வழக்கம்போல ஒரு குருவியைச் சுட்டார் சலீம். கையில் எடுத்துப் பார்த்தால், வழக்கமான சிட்டுக்குருவி மாதிரி இல்லை. தொண்டையில் மஞ்சள் பூசினாற்போல ஒரு திட்டு.

இஸ்லாமியச் சிறுவனான அவருக்கு முதலில் வந்த சந்தேகம், இதை ஹலால் செய்து சாப்பிடலாமா கூடாதா என்பதுதான். மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் தெரியவில்லை. ஆனா அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் உறுப்பினர். 1883-ல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தின் கௌரவச் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதி, குருவியோடு பையனை அனுப்பி வைத்தார்.

வெள்ளைக்கார அதிகாரி முன்னால் போய் நிற்கவே அந்தச் சிறுவனுக்குப் பயம். ஆனால் மில்லார்டு அவரை அன்பாக உட்கார வைத்தார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பார்த்தவுடனே சொன்னார். அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார்.

அதுவரை பறவை என்றால் சலீமுக்கு ஒரு குறி. அன்றைக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு, தனி வாழ்க்கை உண்டு என்று தெரிந்தது. 1985-ல் தன் வரலாற்றை எழுதியபோது அவர் வைத்த தலைப்பே, சிட்டுக்குருவியின் வீழ்ச்சி.

பட்டம் இல்லை, வேலையும் இல்லை

அதன்பிறகு எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. படிப்பு ஏறவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, குடும்பத் தொழிலைப் பார்க்க பர்மாவின் தவாய் பகுதிக்குப் போனார். தொழிலைக் கவனித்ததைவிட அங்கிருந்த காடுகளில் பறவை பார்த்ததுதான் அதிகம்.

1917-ல் பம்பாய் திரும்பினார். புனித சேவியர் கல்லூரியில் விலங்கியல் படித்தார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்துடன் திருமணம் நடந்தது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணிக்கு முயன்றபோது, முறையான பட்டம் இல்லாததால் கிடைக்கவில்லை.

1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. இன்னும் கற்க வேண்டும் என்று 1928-ல் விடுப்பு எடுத்து ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெசெமன் என்ற பெரிய பறவையியல் மேதையிடம் பயிற்சி பெற்றார். பறவையின் காலில் வளையம் மாட்டி அதன் பயணத்தைக் கண்டறியும் முறையையும் ஜெர்மனியில்தான் கற்றார்.

1930-ல் ஊர் திரும்பினால் அதிர்ச்சி. பணம் இல்லை என்று சொல்லி அருங்காட்சியகத்தில் அவருடைய பணியிடத்தையே எடுத்துவிட்டார்கள். வயது 33. கையில் வேலை இல்லை.

ஏணி மேல் உட்கார்ந்து பார்த்த ரகசியம்

செலவைக் குறைக்க, பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்கு மனைவியுடன் குடிபோனார். அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. வேலையில்லாத அந்த மழைக்காலத்தை சலீம் அலி வீணாக்கவில்லை. உயரமான ஏணியை நிறுத்தி, அதன் மேல் துணியால் மறைப்பு கட்டி, உள்ளே உட்கார்ந்து மணிக்கணக்கில் கூடுகளையே கவனித்தார்.

தூக்கணாங்குருவிக் கூடு நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. பனை மரத்திலும் ஈச்ச மரத்திலும், கிணற்றுக்குள் தொங்கும் கிளையிலும் சுரைக்குடுவை மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். சில கூடுகள் பாதியிலேயே நிற்கும். அது ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆண் குருவி ஊஞ்சலாட அரைக்கூடு கட்டுகிறது என்பது அதில் ஒன்று.

உண்மை என்ன என்பதை சலீம் அலி கண்ணால் பார்த்தார். ஆண் குருவி முதலில் பாதிக் கூடு கட்டும். பெண் குருவிகள் வந்து உள்ளே நுழைந்து, நாரை இழுத்துப் பார்த்து, வீடு பார்க்க வந்தவர்களைப் போலச் சோதிக்கும். ஒரு பெண் குருவிக்குப் பிடித்துப்போனால், அதிலேயே தங்கிவிடும். அதன்பிறகுதான் ஆண் குருவி மீதிக் கூட்டை முடிக்கும். யாருக்கும் பிடிக்காத கூடு பாதியிலேயே நின்றுபோகும்.

கதை அதோடு முடியவில்லை. பெண் குருவி முட்டையிட்டதும், ஆண் குருவி பக்கத்தில் இன்னொரு கூடு கட்டத் தொடங்கிவிடும். அடுத்த துணையைத் தேடும். அடைகாப்பது தாய் மட்டும்தான். குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதும் பெரும்பாலும் தாய்தான். இந்த ஆய்வு 1931-ல் சங்கத்தின் இதழில் வெளியாகி, அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

குஞ்சைக் கையில் எடுப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தூக்கணாங்குருவிக் கூட்டில் ஒற்றைப் பறவை மட்டும் வந்து போனால், இன்னொன்று செத்துவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. அந்தக் குடும்பமே அப்படித்தான். எந்தக் குஞ்சு உண்மையில் தனித்து விடப்பட்டது, எது தாயின் கண்காணிப்பில் இருக்கிறது என்பது அந்தந்தப் பறவையின் வாழ்க்கை தெரிந்தால்தான் புரியும்.

மனைவியின் துணையும் இழப்பும்

அடுத்து சலீம் அலி ஒரு யோசனை செய்தார். சமஸ்தானங்களின் காடுகளில் என்னென்ன பறவைகள் உண்டு என்று யாருமே முறையாகக் கணக்கெடுக்கவில்லை. முகாம் செலவை மட்டும் கொடுத்தால் போதும், சம்பளம் வேண்டாம் என்று அவர் கேட்டார். ஹைதராபாத்தில் தொடங்கி, திருவிதாங்கூர், கொச்சி என்று பயணம் நீண்டது. நீலகிரியின் கோத்தகிரியிலும் சில காலம் வசித்தார்.

மாட்டு வண்டி, கூடாரம், காட்டு வழி. இத்தனையிலும் உடன் இருந்தவர் தெஹ்மினா. இங்கிலாந்தில் படித்தவர், வசதியாக வளர்ந்தவர். முகாமை நடத்தியதும், கணவரின் எழுத்தைத் திருத்திச் செம்மையாக்கியதும் அவர்தான்.

1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். சலீம் அலி உடைந்துபோனார். அதன்பிறகு கடைசி வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கமூவின் வீட்டில் தங்கி, வேலைக்குள் மூழ்கினார்.

1941-ல் வெளியானது இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புத்தகம். படத்தைப் பார்த்துப் பறவையை யார் வேண்டுமானாலும் அடையாளம் காணலாம் என்ற அளவுக்கு எளிமையாக இருந்தது. அதுவரை துரைமார்களின் பொழுதுபோக்காக இருந்த பறவை பார்த்தல், சாதாரண இந்தியர்களின் கைக்கு வந்தது அந்தப் புத்தகத்தால்தான். பின்னாளில் அமெரிக்கப் பறவையியலாளர் டில்லான் ரிப்ளியுடன் சேர்ந்து, 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாகப் பெரிய கையேட்டையும் கொண்டுவந்தார்.

ஒரே நாளில் 4,273 பறவைகள் செத்த இடம்

ராஜஸ்தானின் பரத்பூரில் மகாராஜாவுக்குச் சொந்தமான ஒரு பெரிய நீர்நிலை இருந்தது. குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகளைச் சுடுவதற்காகவே அதைப் பராமரித்தார்கள். 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டுக் கொல்லப்பட்டன.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறொரு ஆபத்து வந்தது. அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு நிலத்தை விவசாயத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. துப்பாக்கியால் சுட்டால் பறவைகள் குறையும். ஏரியையே வடித்துவிட்டால் பறவைகள் வரவே வராது. சலீம் அலி பிரதமர் நேருவிடம் பேசினார். நீர்நிலை தப்பியது. 1956-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 1985-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆனது.

சலீம் அலி உணர்ச்சிவசப்பட்டுப் பறவையை நேசித்தவர் இல்லை. ஆய்வுக்காக அவரே ஏராளமான பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்திருக்கிறார். அதை மறைக்கவும் இல்லை. ஒரு பறவையின் உயிரைவிட, அந்த இனம் வாழும் இடம் முக்கியம் என்பது அவர் நிலை. இன்றைக்கும் இது விவாதத்துக்கு உரிய நிலைதான். ஆனா பரத்பூர் இன்று இருக்கிறது என்றால், அந்தப் பார்வையும் ஒரு காரணம்.

கோடியக்கரையில் காலில் வளையம்

1957-ல் கர்நாடகாவின் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மக்களுக்கும் காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. ரஷ்யப் பகுதிகளில் இருந்த ஒரு நோயைப் போல இது இருந்ததால், வலசைப் பறவைகள்தான் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்று சந்தேகம் எழுந்தது.

இதைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் உதவி செய்தது. ஜெர்மனியில் கற்ற வளையம் மாட்டும் வித்தையை சலீம் அலி பெரிய அளவில் தொடங்க வழி பிறந்தது. பறவைகள் மேல் விழுந்த அந்தப் பழி நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வளையம் மாட்டும் பணி தொடர்ந்தது.

இதில் நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு முக்கிய இடம் உண்டு. கோடியக்கரைக்கு வலசை வரும் பறவைகளின் அருமையை எடுத்துச் சொன்னவர்களில் சலீம் அலி முக்கியமானவர். 1967-ல் அது சரணாலயம் ஆனது. அங்கே சங்கத்தின் ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக வலை விரித்துப் பறவைகளைப் பிடித்து, எடை பார்த்து, எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்க விடுகிறார்கள். அதே பறவை இன்னொரு நாட்டில் கிடைத்தால், எண்ணை வைத்து அதன் பாதை தெரிந்துவிடும்.

பறவையைக் காயப்படுத்தாமல் பிடிக்க யாருக்குத் தெரியும்? பீகாரின் மிர்ஷிகார் எனும் பாரம்பரியப் பறவை பிடிக்கும் சமூகத்தினருக்குத்தான். சலீம் அலி அவர்களையே பணிக்கு அழைத்தார். பிடித்து விற்ற கைகள், பிடித்துப் பறக்கவிடும் கைகளாக மாறின.

அவர் கணக்கு தப்பிய இடம்

சலீம் அலி சொன்னதெல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. பரத்பூர் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டபோது, அங்கே எருமைகளை மேய்க்கக் கூடாது என்று 1982-ல் தடை வந்தது. சலீம் அலியும் மேய்ச்சலுக்கு எதிரான நிலையில்தான் இருந்தார். காலங்காலமாக மாடு மேய்த்த சுற்றுக் கிராம மக்கள் கொதித்தார்கள். போராட்டம் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து, மனித உயிர்கள் போயின.

அதன்பிறகு அவருடைய சங்கமே நடத்திய நீண்ட ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? எருமைகள் மேயாததால் நீரில் புல் அடர்ந்து மண்டியது. நீந்தவும் இரை தேடவும் திறந்த தண்ணீர் குறைந்தது. தடை பறவைகளுக்கே பாதகமாகிவிட்டது. தன் தலைவரின் கருத்துக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டது அந்தச் சங்கம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் போனால் கிடைக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல். ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-லேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் கிராம மக்கள் உத்தரவு வாங்கி வைத்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். பட்டாசு வெடித்தால் பறவைகள் மிரளும் என்று தீபாவளியையே அமைதியாகக் கொண்டாடும் ஊர் அது. மக்களை வெளியே தள்ளாமல், மக்களாலேயே பறவைகள் பிழைத்த இடம்.

மேகமலை வௌவாலும் ஆனைகட்டி மையமும்

1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண், 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் என்று கௌரவங்கள் வந்தன. 1975-ல் கிடைத்த கெட்டி பரிசின் 50,000 டாலரை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார். கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வரக் கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

தமிழ்நாட்டோடு அவருக்கு இன்னொரு பிணைப்பும் இருக்கிறது. தேனி மாவட்டம் மேகமலைப் பகுதியில் 1948-ல் பிடிபட்ட ஓர் அரிய பழந்தின்னி வௌவால், புதிய இனம் என்று 1972-ல் அறிவிக்கப்பட்டபோது, அதற்குச் சலீம் அலியின் பெயரே வைக்கப்பட்டது.

1987-ம் ஆண்டு ஜூன் 20-ம் தேதி, 90 வயதில் பம்பாயில் காலமானார். 1990-ல் கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் தொடங்கப்பட்டது.

சரி, வாசலில் கிடக்கும் குஞ்சை என்ன செய்வது?

சலீம் அலியின் வழி இதுதான்: கை வைக்கும் முன் கவனிக்க வேண்டும். குஞ்சுக்கு இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிறதா? அப்படியானால் அது பறக்கப் பழகும் பருவம். தாய்ப்பறவை பெரும்பாலும் பக்கத்து மரத்திலோ மதில் மேலோ இருக்கும். நாய், பூனை எட்டாத புதரிலோ கிளையிலோ வைத்துவிட்டு, தூரமாக நின்று பார்த்தாலே போதும்.

இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு பக்கத்தில் இருந்தால் அதிலேயே வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. கூடும் இல்லை, தாயும் வரவில்லை, அல்லது அடிபட்டிருக்கிறது என்றால்தான் மீட்பு தேவை. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், மெத்தென்ற துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துவிட்டு, வனத்துறைக்கோ விலங்கு நல அமைப்புக்கோ தகவல் சொல்ல வேண்டும். சென்னையில் 1959-ல் உருவான புளூ கிராஸ், வேளச்சேரியில் இயங்குகிறது.

பால் வேண்டாம், பறவைக்கு அது செரிக்காது. வாயில் தண்ணீர் சொட்டுவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். சோறும் கூடாது. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும்கூடத் தங்கள் குஞ்சுகளுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டுகின்றன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கையிலேயே வளரும் குஞ்சு மனிதரையே தாயாக நினைத்துவிடும். வாத்துக் குஞ்சுகளை வைத்து இதை விளக்கிய ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லாரன்ஸ் 1973-ல் நோபல் பரிசு பெற்றார். அழிவின் விளிம்பில் இருந்த ஒரு வகைப் பெருங்கொக்கை மீட்க, அமெரிக்காவில் பராமரிப்பாளர்கள் வெள்ளை உடையில் தங்களை முழுக்க மறைத்துக்கொண்டு, கொக்குத் தலை பொம்மையைக் கையில் மாட்டித்தான் குஞ்சுகளுக்கு இரை ஊட்டினார்கள். மனித முகமே தெரியக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

பச்சைக்கிளி, மைனா போன்றவற்றைப் பாசத்தால் வளர்த்தாலும், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

திரும்பிப் போக ஓர் இடம்

குஞ்சு பிழைத்து, சிறகு வலுத்து, பறக்கத் தயார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே விடுவது? சலீம் அலி ஆயுள் முழுக்கப் போராடியது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

தென்சென்னைப் புறநகருக்கு இது நேரடிக் கேள்வி. குன்றத்தூரை ஒட்டி செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. அதன் உபரி நீர் இந்தப் பக்கமாகத்தான் ஓடி அடையாற்றில் சேர்கிறது. தாம்பரத்துக்குக் கிழக்கே நன்மங்கலம் காடு இருக்கிறது. 2022-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலம், தன் பழைய பரப்பில் பெரும்பகுதியைக் கட்டடங்களுக்கும் குப்பைக்கும் இழந்துவிட்டு, மீதியில் உயிர் பிடித்து நிற்கிறது. ஏரிக்கரைப் பனைகள் போனால் தூக்கணாங்குருவிக்கு இடமில்லை. பொந்துள்ள பழைய மரம் போனால் கிளிக்கும் மைனாவுக்கும் இடமில்லை.

சலீம் அலியின் பிறந்தநாளான நவம்பர் 12-ஐ நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கொண்டாடுகிறார்கள். அந்த நேரத்தில் வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் பள்ளிக்கரணையில் இறங்கத் தொடங்கியிருக்கும். ரேடியல் சாலையில் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாலே பார்க்கலாம். எந்தப் பறவை என்று பெயர் தெரியாவிட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம். அந்தச் சிறுவனும் 1908-ல் ஒரு குருவியின் பெயரைக் கேட்கத்தான் போனான்.